படிக்கப் போன பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் கால் பக்க வாழ்த்து ஒன்று வந்திருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு அக்கரை, படுவான்கரைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவருக்கு ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் கிடைத்து முதுமாணி படிக்கப் போகிறார் என்று மாமா, சித்தப்பா, விளையாட்டுக் கழகம் எல்லோரும் சேர்ந்து போட்டிருந்தார்கள். சந்தோசம். நானும் அதே புலமைப்பரிசிலில் 2022 ஒக்டோபரில் போய் 2025 மார்ச்சில் படிப்பை முடித்துத் திரும்பியவன் என்பதால், அன்று காலையே தேத்தண்ணிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு பேர் கேட்டார்கள், நாலு பேருக்கும் ஒரே கேள்விதான். "தம்பி, அந்தப் பிள்ளைக்கு மாசம் எவ்வளவு கிடைக்கும்?" என்ன படிக்கப் போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் வாழ்த்திலும் அது இல்லை என்பது வேறு கதை.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் நடுவில் எங்காவது வெட்டுங்கள், கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் கட்டார், சவூதி, குவைத். போன பிள்ளை இரண்டாம் மூன்றாம் மாதம் காசு அனுப்பத் தொடங்கும், அடைவில் இருக்கிற நகை திரும்பும், வீட்டுக்கு ஓடு ஏறும். அப்படித்தான் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு எழும்பியது, அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அதோடு மட்டக்களப்பு வழக்கம் தெரியும்தானே, பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், அந்த வீடு அண்ணன்மாரின் தலையில். என் தங்கச்சியின் வீடும் கூரை போடாமல் சுவரோடு நிற்கிறது, நான் போகும்போதும் நின்றது, இப்போதும் நிற்கிறது. ஆகவே நான் பிளேன் ஏறிய அன்றே அம்மாவின் மனதில் ஓட்டுக்குக் கணக்குப் போட்டாயிற்று. அம்மாவில் பிழையில்லை. படிக்கப் போவதும் உழைக்கப் போவதும் வேறு வேறு என்று அவவுக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, சொல்லக் கூச்சம்.

சரி, கணக்கு. மெக்ஸ்ட் என்று சொல்கிற அந்தப் புலமைப்பரிசிலில் ஆய்வு மாணவருக்கு மாதம் 1,43,000 யென், முதுமாணிக்கு 1,44,000, கலாநிதிப் படிப்புக்கு 1,45,000. பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை, போய் வர விமானச் சீட்டு அவர்களுடையது. நான் வெளிக்கிட்ட நேரம் ரூபாய் விழுந்து கிடந்தது, ஒரு யென் இரண்டரை ரூபாய்க்குக் கிட்ட நின்றது. யாரோ போனில் பெருக்கிப் பார்த்து மூன்றரை லட்சம் என்று சொல்லிவிட்டார்கள். கியூஆர் காட்டி பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது, மூன்றரை லட்சம் என்ற சொல் ஊரில் எவ்வளவு வேகமாகப் போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனால் அதே புலமைப்பரிசிலின் அறிவுறுத்தல் கடதாசியில் இன்னொரு வரியும் இருக்கிறது. வந்து இறங்கி முதல் கொடுப்பனவு கைக்கு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும், அதனால் 2,000 டொலர் அளவில் கையில் கொண்டுவாருங்கள் என்று. அப்போது டொலர் 360 ரூபாய். ஏழு லட்சத்துக்கு மேல் வருகிறது. அம்மாவின் இரண்டு காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் போயின, மிச்சத்துக்கு மாமாவிடம் கைமாற்று. காசு சேர்ந்த பிறகு அதை டொலராக மாற்ற மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ஏறி இறங்கிய வாசற்படிகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். ஜப்பானுக்குள் ஊர் விட்டு ஊர் போகும் செலவும் நம்முடையதுதான், எனக்கு டோக்கியோவிலிருந்து இன்னும் தூரம் இருந்தது.

போன இடம் தொத்தோரி. ஜப்பானிலேயே சனத்தொகை குறைந்த மாகாணம் அது, பெரிய மணல்மேடுகளுக்குப் பெயர் போனது. அந்த மணல்மேட்டின் ஓரத்திலேயே பல்கலைக்கழகத்தின் வறண்டநில ஆய்வு மையம் இருக்கிறது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு, களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்து மணல் தரையில் வெற்றிலைக் கொடிக்குத் துரவுத் தண்ணீர் அள்ளி ஊற்றி வளர்ந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பேராசிரியர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வயலைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல், அதில் வரிசை வரிசையாக ஊதாப் பூ. ரக்கியோ என்கிற சின்ன வெங்காயச் சாதி, ஊறுகாய் போடுவார்கள். கோடைச் சூட்டில் மணலில் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் நட வேண்டும், அடுத்த வருடம் மழைக்காலத்தை ஒட்டித்தான் கிண்டி எடுப்பது. நான் குனிந்து மணலை அள்ளி விரலால் விட்டுப் பார்த்தேன், எங்கள் தோட்டத்து மணலைவிடக் கொஞ்சம் மென்மை. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே நான் போனதில் திருப்தி. இதை ஊரில் சொல்ல ஆரம்பித்தால், வெங்காயத் தோட்டத்திலா வேலை என்று கேட்கிறார்கள்.

முதல் இரண்டு கிழமை படிப்பே இல்லை, கடதாசிதான். இருப்பிடம் கிடைத்து 14 நாளுக்குள் மாநகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அங்கேயே தேசிய சுகாதாரக் காப்புறுதி, பிறகு போன், பிறகு வங்கி. ஒவ்வொன்றுக்கும் முந்தையது வேண்டும். பெயரில்தான் பெரிய கூத்து. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே, கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் கிடக்கிறது. அதனால் இரண்டரை வருடம் முழுக்க ஆய்வுகூடத்தில் என்னை எல்லோரும் அப்பாவின் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு வீடியோவில் சொன்னபோது வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அப்ப நான்தான் ஜப்பானுக்குப் போயிருக்கன்" என்றார். சிரிப்பாக இருந்தாலும் ஒரு வங்கியில் அதே பெயர் நீளம் காரணமாக ஒரு படிவத்தை நாலு தரம் நிரப்பினேன், கட்டங்கள் முடிந்துவிடும், பெயர் முடியாது. எனக்குத் துணைக்குப் பல்கலைக்கழகம் ஒரு ஜப்பானிய மாணவனை ஒழுங்கு செய்திருந்தது, 'டியூட்டர்' என்பார்கள். அந்தப் பெடியன் ஒவ்வொரு தரமும் எனக்காகத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான், பிழை யாருடையது என்று அவனுக்கும் தெரியாது.

இன்னொன்று, போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 20 முதல் 59 வயது வரையான எவரும் அங்கே தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர வேண்டும், வெளிநாட்டு மாணவரும்தான். அப்போது மாதம் கிட்டத்தட்ட 17,000 யென். மாணவர்களுக்குக் கட்டாமல் தள்ளி வைக்கச் சலுகை உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான். நான் விண்ணப்பிக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஒருநாள் தடித்த கடித உறையில் கட்டுத்துண்டுகள் அடுக்காக வந்து விழுந்தன. அன்றிரவு கூட்டிப் பார்த்துவிட்டு நித்திரை வரவில்லை. மறுநாள் டியூட்டர் பெடியன் கூட்டிப்போய்ப் பத்து நிமிடத்தில் முடித்துத் தந்தான்.

இப்போது ஊருக்குத் தெரியாத விசயம் ஒன்று. நான் முதுமாணிக்குப் போனேன் என்று பனர் அடித்தார்கள். உண்மையில் முதல் 6 மாதம் நான் முதுமாணி மாணவனே இல்லை. 'கென்கியூசெய்' என்று ஒரு நிலை, ஆய்வு மாணவன். அந்தக் காலத்துக்குள் நுழைவுப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால்தான் ஏப்ரலில் பட்டப்படிப்பு, புலமைப்பரிசிலும் நீளும். கடைசி வரை சித்தியடையாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2023 ஜனவரி கடைசியில் ஜப்பான் முழுக்க ஒரு கடும் குளிர் அலை வந்தது, எங்கள் பக்கத்தில் சைக்கிள் பனிக்குள் புதைந்து கைபிடி மட்டும் தெரிந்தது. அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு. 18 லீற்றர் கான் ஒன்று அப்போது ஏறக்குறைய 2,000 யென், கடும் குளிரில் ஒரு கான் ஒரு கிழமையைத் தாண்டாது. அந்த மண்ணெண்ணெய் மணத்துக்கு மட்டும் எனக்கு வீட்டு ஞாபகம் வரும், சின்ன வயதில் கைவிளக்கில் படித்த மணம். பரீட்சைக்கு மூன்று நாள். இரவு 12 மணிக்குப் போன் அடிக்கிறது, இங்கே எட்டரை, சாப்பிட்டு முடித்த நேரம். ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தை நான் எடுக்க வேண்டுமாம். "நீ எடுக்காட்டி வேற ஆர் எடுக்கிற?" என்று கேட்டவர் எனக்கு அண்ணன் முறை. அவரிடம் பரீட்சை என்று சொன்னேன். "ஓம் ஓம், படி. காசை மட்டும் அனுப்பி விடு, நேரம் எடுக்காதே" என்றார்.

உண்மையில் நான் நினைத்தாலும் அனுப்பியிருக்க ஏலாது. அங்கே போய் 6 மாதம் ஆகாத மாணவனை அவர்களின் அந்நியச் செலாவணிச் சட்டம் வதிவிடமற்றவராகத்தான் பார்க்கும், கணக்கு இருந்தாலும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு ஆயிரம் கட்டுப்பாடு. இதைச் சொன்னால் ஊரில் நம்புவார்களா? சாட்டுச் சொல்கிறான் என்றுதான் கதை வந்தது.

காசு மிஞ்சாது என்று நான் சொன்னால் அது பொய். மிஞ்சும். தொத்தோரி மலிவான ஊர், டோக்கியோவில் இருக்கிறவனுக்கு வாடகையிலேயே பாதி போகும். ஆனால் இரண்டாம் வருடம் விடுதியை விட்டு வெளியில் அறை எடுத்தபோது முதல் மாத வாடகை, முற்பணம், வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டிய ரெய்கின் என்கிற நன்றிக் காசு, பிணை நிற்கிற கொம்பனிக்கு ஒரு தொகை என்று நாலு மாத வாடகை ஒரே நாளில் போனது. அறை வெறும் அறை, மின்குமிழ்கூட இல்லை. சாப்பாட்டுக்கு நானே சமைத்தேன். 2025 மார்ச்சில் நான் திரும்புகிற நேரம் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியிருந்தது, அதற்கு முந்தின வருடம் பாதி விலை. முதல் வருடம் மிஞ்சியதெல்லாம் அம்மாவின் காப்பையும் சங்கிலியையும் மீட்கவும் மாமாவின் கைமாற்றைத் தீர்க்கவும் சரி. அதாவது, போவதற்குப் பட்ட கடனை அங்கே இருந்து அடைக்க ஒரு வருடம். மூன்றரை லட்சம் என்று பெருக்கியவர் இந்தக் கழித்தலையும் போட்டிருக்கலாம். இன்னொன்று, மாதம் ஒருமுறை நேரில் போய்க் கையெழுத்து வைத்தால்தான் அந்த மாதக் காசு. நினைத்த நேரம் கலியாணம், செத்த வீடு என்று ஓடி வர முடியாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபிப்பா. அவர்களின் அரிசி ஒட்டும், கறி விட்டுப் பிசைந்தால் களியாகிவிடும், அதற்குப் பழக மூன்று மாதம். எருமைத் தயிர் கனவில்தான். ஆனால் ஒரு நாள் சுப்பர்மார்க்கெட்டில் கட்சுவோபுஷி என்று ஒரு பைக்கற்றைத் திறந்து மணந்து பார்த்தேன், அப்படியே மாசி. அவர்களும் அதே சூரை மீனைத்தான் அவித்துப் புகையில் காய வைக்கிறார்கள், இழைப்புளியில் சீவின மாதிரி மெல்லிசாகச் சீவி விற்கிறார்கள். உலர்ந்த தேங்காய்த் துருவலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கொச்சிக்காய்த் தூளும் வெங்காயமும் இதையும் போட்டுக் கையால் பிசைந்து சம்பல் செய்தேன். தேசிக்காய் இல்லை, வேறேதோ புளிப்புப் பழம் பிழிந்தேன். அன்று ஒட்டுகிற சோறும் இறங்கியது.

2024 ஜனவரி முதலாம் திகதி பின்னேரம் 4.10 மணி. ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் பூமி அதிர்ந்தது. எங்களுக்கு அது தூரம்தான், ஆனால் எல்லாம் ஒரே கடல். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண், இப்போதே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள் என்று கத்துகிறார். எங்கள் கரைக்குச் சின்ன அளவு எச்சரிக்கைதான் கொடுத்திருந்தார்கள். 2004இல் எனக்கு எட்டு வயது, யாரின் தோளில் இருந்தேன் என்று இன்றைக்கும் சரியாக ஞாபகமில்லை, அந்தச் சத்தம் மட்டும் ஞாபகம். சின்னது பெரியது என்று அளக்கிற நிலையில் நான் இல்லை. கடவுச்சீட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு சப்பாத்தின் கயிறுகூடக் கட்டாமல் மேட்டுக்கு ஏறினேன். எங்கள் அம்மம்மாவுக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல் சுனாமி. இங்கே மதியம் ஒரு மணி கூட ஆகவில்லை, யாரோ டிவியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், போனை அம்மம்மாதான் பிடுங்கி வைத்திருந்தா. "மேட்டுக்கு ஏறிட்டியா மனே? இன்னும் ஏறு. இறங்காதே." இருட்டுகிற வரைக்கும் மாறி மாறி எடுத்தார்கள், உபயம் கேட்ட அண்ணனும் எடுத்தார், பக்கத்து வீட்டு மாமி எடுத்தா, என்னோடு கதைத்தே இல்லாத ஆட்களும் எடுத்தார்கள். ஒருவரும் காசைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் சனம் அப்படித்தான், அதனால்தான் மற்ற நாட்களில் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இதோடு முடித்திருப்பேன், ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒசாகாவில் அம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருவனைச் சந்தித்தேன். அவனும் மாணவர் விசாதான், ஆனால் வந்தது ஒரு மொழிப் பாடசாலைக்கு, ஒரு முகவர் மூலம். படித்துக்கொண்டே உழைக்கலாம், இரண்டு வருடத்தில் கடன் முடியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காணி ஒன்று ஈட்டில் போயிருக்கிறது. இரவில் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் வேலை, காலையில் வகுப்பு, வகுப்பில் நித்திரை. மாணவர் விசாவில் கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அதுவும் அனுமதி எடுத்து, நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணித்தியாலம். அப்போதைய கணக்கில் மணித்தியாலத்துக்கு 1,000, 1,100 யென் என்று வைத்தாலும் மாதம் 1,20,000, 1,30,000-த்துக்கு மேல் வராது. மொழிப் பாடசாலைக் கட்டணம் வருடத்துக்கு 7, 8 லட்சம் யென், மாதத்துக்குப் பிரித்தால் 60,000 அளவில். மிச்சத்தில் வாடகை, சாப்பாடு, ரயில். கடன் எதிலிருந்து அடைப்பது? 28ஐத் தாண்டி ஒளித்து வேலை செய்தால் விசா நீடிக்கும்போது மாட்டுவான். இது அவனுக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். முகவருக்கு முன்னாலேயே தெரியும்.

ஊரில் கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான், ஜப்பானில் படிக்கிற பெடியன்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்லித்தான் அவனுக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள், அவனுடைய கடனைப் பார்த்து எனக்கும் பயம் காட்டினார்கள். உங்கள் பத்திரிகையிலும் அப்படித்தான் கிடக்கிறது, கோபிக்க வேண்டாம். புலமைப்பரிசில் வாழ்த்து ஐந்தாம் பக்கம், அதற்கு நேர் எதிரே 'ஜப்பானில் கல்வியும் வருமானமும்' என்று விளம்பரம். பார்க்கிற தகப்பனுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ஆகவே இரண்டு விசயம் கேட்கிறேன். வாழ்த்து வரும்போது என்ன படிப்பு, எந்தத் துறை, எவ்வளவு காலம், யார் பணம் என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டு வாங்கிப் போடுங்கள், வாழ்த்துப் போடுகிறவர்களுக்கே அப்போதுதான் அது தெரியவரும். மாணவர் விசா விளம்பரம் எடுப்பது உங்கள் வியாபாரம், அதில் நான் தலையிடவில்லை, ஆனால் அந்த 28 மணித்தியாலக் கட்டுப்பாட்டை அதே விளம்பரத்துக்குள் அச்சடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்று சொல்கிற முகவரின் காசை வாங்க வேண்டாம் என்று நான் சொன்னால் உங்கள் விளம்பரப் பகுதி என்னை ஏசும், இருந்தாலும் சொல்கிறேன்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற மாமன், மாமிமாருக்கு ஒன்று சொல்கிறேன், கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: குளிரா, பரீட்சை எப்போ, என்ன சமைத்தாய். எங்கள் அம்மா இரண்டாம் வருடத்திலிருந்து அதைத்தான் கேட்டா. தங்கச்சி வீட்டுக்குக் கூரை இனித்தான், இப்போது நான் உழைக்கிறேன், ஆகவே இப்போது கேட்கட்டும்.

அந்தப் படுவான்கரைத் தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை தகப்பனோடு ஓடத்தில் வந்து என்னுடைய குளிர் ஜக்கெட்டையும் ரைஸ் குக்கரையும் வாங்கிக்கொண்டு போனா. ஜக்கெட் அவவுக்கு முழங்கால் வரைக்கும் வருகிறது, பரவாயில்லை. ரைஸ் குக்கரை விட்டுவிட்டுப் போ, அங்கே மலிவு என்று சொன்னேன், தகப்பன் கேட்கவில்லை. மாசி கொண்டுபோக வேண்டாம், கறித்தூள் மட்டும் இரண்டு கிலோ எடு என்று சொல்லியிருக்கிறேன். ஓய்வூதியச் சலுகைப் படிவத்தின் பெயரை ஒரு கடதாசியில் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடிப் பக்கத்து வாசகன் ஒருவன்,
மட்டக்களப்பு